திருநீற்றில் எழுந்த கோடு

மண்ணெண்ணெய் வாடை. இப்போதெல்லாம் அதுவே அபூர்வமாகிவிட்டது. போன வாரம் திருச்சுழி ரோட்டில் ஒரு டூவீலர் பட்டறை வாசலில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். உள்ளே மெக்கானிக் ஒரு தகரத் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, பேரிங் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தார். துணியால் துடைத்தார். விரலில் மாட்டிச் சுழற்றிவிட்டு, தலையைச் சாய்த்துக் காதருகே வைத்துக் கேட்டார். உச்சி வெயில். கருவேலங்காடு மூச்சுவிடாமல் நின்றது. அந்தத் தலைச் சாய்ப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

அப்படித் தலை சாய்க்கிற ஒருவரை எனக்குத் தெரியும். ஏழெட்டு வருஷம் இருக்கும். ஊருக்கு வெளியே, பொட்டல் நடுவில், ஒரு பொறியியல் கல்லூரி. நான் அங்கே இங்கிலீஷ் வாத்தியார். அவர் மெக்கானிக்கல் துறையில் விரிவுரையாளர். அருப்புக்கோட்டையிலிருந்து கல்லூரி பஸ்ஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்பதைப் படிக்கிறவர்கள் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

எதையும் தட்டிப் பார்க்காமல் அவர் தொடமாட்டார். டீக்கடையில் கண்ணாடி டம்ளரை நகத்தால் ஒரு சுண்டு. கணீரென்றால் குடிப்பார். மந்தமாக விழுந்தால் டம்ளரை மேசையின் நடுவுக்குத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிடுவார். நாற்காலியில் உட்காருமுன் அதன் காலில் ஒரு தட்டு. ஒருமுறை திருச்சுழிச் சந்தையில் மண்பானை விற்கிறவளிடம் ஏழு பானைகளை வரிசையாகச் சுண்டிக்கொண்டிருந்தார். அவள் இடுப்பில் கைவைத்தபடி, "வாங்குறதுன்னா வாங்குங்க. மேளம் அடிக்கணும்னா கோயிலுக்குப் போங்க" என்றாள். அவர் ஒரே ஒரு பானையைத் தனியே ஒதுக்கி, "இத யாருக்கும் வித்துறாதீக" என்றார். அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

ஒரு கல்யாணத்தில் பந்தலின் இரும்புக் காலைச் சுண்டிவிட்டு, பரிமாறிய இலையைத் தூக்கிக்கொண்டு வேறு பந்திக்குப் போய் உட்கார்ந்தார். பெண் வீட்டாரின் முகம் கறுத்தது. பந்தல் விழவில்லை. "விழல பாத்தீகளா சார்?" என்று நான் சீண்டினேன்.

"இன்னைக்கு விழல" என்றார், ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தபடி.

அவருடைய படிப்பு முழுவதும் உடைவதைப் பற்றியது. வாரக் கடைசியில் மதுரைக்குப் போய்ப் பகுதிநேர ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். விஷயம், உலோகத்தின் களைப்பு. பாரம் தாங்காமல் முறிவது அல்ல அது. தாங்கக்கூடிய பாரத்தையே ஓயாமல் தாங்கித் தாங்கி முறிவது. கல்லூரிச் சோதனைக்கூடத்தில் ஒரு சின்ன இயந்திரம் வைத்திருந்தார். அதில் விரல் தடிமன் இரும்புக் கம்பி ஒன்று, முனையில் எடை தொங்க, நாள்கணக்கில் சுழன்றுகொண்டே இருக்கும். எப்போது முறியும் என்று யாருக்கும் தெரியாது. எதிர்ச்சாரியில்தான் அவருடைய வகுப்பு. கொளுத்தும் கோடையிலும் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தவிடமாட்டார். பாடம் நடத்திக்கொண்டே இருப்பார், ஒரு காது அந்தப் பக்கம். சில நாள் வாக்கியத்தின் நடுவில் நின்றுபோவார். பையன்களுக்குப் புரிந்துவிடும். யாரும் இருமக்கூட மாட்டார்கள். அந்தப் பக்கம் ஒரு மெல்லிய 'டிக்'. அப்புறம் அமைதி. அவர் கண்ணை மூடித் திறந்து, விட்ட சொல்லிலிருந்து வாக்கியத்தை முடிப்பார்.

வருஷத்தின் முதல் வகுப்பில் ஆளுக்கொரு காகிதக் கிளிப்பைக் கொடுப்பார். வளைக்கவேண்டும், நிமிர்த்தவேண்டும், எண்ணவேண்டும். ஒருவன் பதினொன்று என்பான், ஒருத்தி பதினெட்டு என்பாள். ஒரே பெட்டியில் வந்த கிளிப்புகள்தான். நான் ஒருநாள் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன்.

"மனுசன் களைச்சா உக்காந்துருவான். மாடு களைச்சா படுத்துரும். இரும்பு உக்காராது. வேலை பாத்துக்கிட்டே சாகும். யாரும் இந்த வகுப்புல 'திடீர்னு ஒடஞ்சது'ன்னு எழுதக் கூடாது. எழுதினா மார்க்கு கிடையாது. எதுவும் திடீர்னு ஒடையாது."

முன் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், எங்க கரிசக்காடு பூரா வெடிச்சுத்தான் கெடக்கு. அதுவும் களைப்பா?"

வகுப்பு சிரித்தது. அவர் அந்தக் கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொண்டார். "மண்ணு மழைக்கு மூடிக்கிரும்டா. இரும்புக்கு மழை கிடையாது."

பஸ்ஸில் நடந்ததைச் சொல்லவேண்டும். காலை வேளை. கண்மாய்க் கரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தோம். அவர் எழுந்து போய் டிரைவரின் தோளைத் தொட்டார். "அண்ணே, ஓரங்கட்டுங்க." டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினார். எல்லாரும் வெயிலில் இறங்கினோம். அவர் தன் வெள்ளைச் சட்டையோடு மண்ணில் படுத்து, பஸ்ஸுக்கு அடியில் தவழ்ந்து போனார். வெளியே வந்தபோது கையில் கறுப்பு. பின் சக்கரத்தில் பாரம் தாங்கும் பட்டைச்சுருளில் முதல் பட்டை முக்கால்வாசி பிளந்திருந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில், கண்மாய்த் தண்ணீர் வழிந்தோடும் மறுகால் வளைவு. பஸ் நிறையப் பிள்ளைகள்.

டிரைவர் அவருக்கு நன்றி சொல்வார் என்று நினைத்தேன். மறுநாள் பஸ்ஸின் முன்கண்ணாடியில் புதிதாக ஓர் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. அவர் ஏறும்போது டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் டிரைவரிடம் தனியாகக் கேட்டேன். "அந்தச் சாரு நல்லவருதான். ஆனா அவரு சொன்ன பெறகுதான சார் ஒடஞ்சிருந்துச்சு?" என்றார் டிரைவர்.

அதன் பிறகு பல பேர் அவரைப் பார்த்தால் தங்கள் வண்டியை மறைவாக நிறுத்தினார்கள். ஊருக்குள் அந்தப் பேச்சு, கரிமூட்டத்துப் புகை மாதிரி, மெதுவாகத் தாழப் பரவிக்கொண்டிருந்தது.

என் அக்காவைக் கட்டிய அத்தானுக்குத் திருச்சுழி ரோட்டில் ஒரு ஜின்னிங் மில். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்சாக்குவார்கள். பழைய காலத்துக் கட்டடம், பழைய காலத்து ஏற்பாடு. மில்லின் ஒரு கோடியில் பெரிய மோட்டார். அது, கொட்டகையின் நீளத்துக்கும் தலைக்கு மேலே ஓடும் ஒற்றை இரும்புத் தண்டைச் சுழற்றும். ஷாப்ட் என்பார்கள். அதில் வரிசையாகக் கனத்த வார்ப்பிரும்புப் புல்லிகள். ஒவ்வொரு புல்லியிலிருந்தும் ஒரு பெல்ட் இறங்கிக் கீழே ஒரு மெஷினை ஓட்டும். மெஷினுக்கு ஒரு பெண் நின்று பருத்தியை அள்ளிப் போட்டுக்கொண்டிருப்பாள்.

புரட்டாசிக் கடைசியில் ஒருநாள், வேறு ஜோலியாகப் போனபோது, அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்து நாலு எட்டு வைத்ததும் அவருடைய தலை சாய்ந்தது. பஞ்சுத் தூசிக்குள், அத்தனை இரைச்சலுக்குள், எதையோ தேடிக்கொண்டு நடந்தார். ஏழாவது மெஷினுக்குப் பக்கத்தில் நின்றார். அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் பேச்சியம்மா. நாற்பது வயதிருக்கும். தலையில் துண்டு, புருவமெல்லாம் பஞ்சு, வாய் நிறைய வெற்றிலை.

"என்ன சாரு, மெசினுக்குச் சளி புடிச்சிருக்கான்னு பாக்குறீகளா?"

"எத்தன நாளா இப்படி 'டொக்கு டொக்கு'ன்னு கேக்குது?"

"அது கேட்டுக்கிட்டேதான் இருக்கு. எம் புருசன் கொறட்டைய விடக் கம்மிதான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஷாப்டு எப்ப நிக்கும்?"

"ஆயுத பூஜைக்குத்தான் நிக்கும். ஏன்?"

"அன்னைக்கு வாரேன்" என்றார்.

பேச்சியம்மா அவரை உற்றுப் பார்த்தாள். அவர் வெளியே போனதும் என்னிடம், "இவுக பரளச்சிக்காரவுகதான? கிரேன்காரர் மகன்தான?" என்றாள். அவளுக்கும் ஊர் பரளச்சிதான். அவர் ஒருபோதும் சொல்லாத கதையை அவள் சொன்னாள். அவருடைய அப்பா கிணறு வெட்டுகிற கிரேன் ஓட்டியவர். உள்ளே ஆட்கள் வெட்டிப்போடும் மண்ணையும் கல்லையும் இரும்புக் கூடையில் மேலே இழுக்கவேண்டும். "ரெண்டு நாளா இரும்புக் கயித்துல 'டிங்கு டிங்கு'ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சாம். அவருக்கே கேட்டுச்சாம் தம்பி. இந்த நாலு கூடைய அள்ளிட்டு மாத்திக்கலாம்னுட்டாராம். மூணாவது கூடை எங்க தெருக்காரர் தலையில விழுந்துச்சு. அதுக்கப்புறம் அவரு கிரேன் பக்கமே போகல. இன்னைக்கும் கோயில் மணி அடிச்சா ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பாரு."

துப்பிவிட்டுச் சொன்னாள். "அந்தச் சத்தம் மகன் காதுல போய் ஒக்காந்துக்கிருச்சு போல."

ஆயுத பூஜையன்று மில் கழுவித் துடைத்து நின்றது. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மூன்று விரலால் இழுத்த திருநீறு. வாழைக்கன்று. பொரிகடலை. இரைச்சல் இல்லாத அந்தக் கொட்டகை எனக்கு அந்நியமாக இருந்தது. அவர் ஒரு பாட்டிலில் மண்ணெண்ணெய் கொண்டுவந்திருந்தார். ஏணியைச் சாத்தி ஏறினார். ஏழாவது புல்லியை ஒட்டி ஷாப்டில் படிந்திருந்த கிரீஸைச் சுரண்டி, மண்ணெண்ணெயைத் தடவிவிட்டுக் காத்திருந்தார். பிறகு சுத்தமாகத் துடைத்தார். பையைத் துழாவினார்.

"சாக்பீஸ் பொடி வச்சிருந்தேன். பஸ்ஸுலயே விட்டுட்டேன் போல. வெள்ளையா, மாவா, ஏதாச்சும் இருக்கா?"

யாரோ பூஜைத் தட்டிலிருந்த திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்து நீட்டினார்கள். அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு வாங்கி, ஷாப்டைச் சுற்றித் தூவினார். பாதி கீழே நின்ற பேச்சியம்மா தலையில் கொட்டியது.

"ஆசீர்வாதமா சாரு? கேட்டுட்டுப் போடுங்க, மூக்குல ஏறுது!"

எல்லாரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். சிரிப்பு அடங்குமுன்னால், வெள்ளையில் ஒரு நிறம் எழுந்தது. முதலில் புள்ளி. பிறகு ஒரு மயிரிழை. புல்லியின் ஓரத்தில் தொடங்கி, தண்டைச் சுற்றிக்கொண்டு மெதுவாக, ஈரமாக, கறுப்பாக நீண்டது. யாரோ உள்ளிருந்து எழுதுவது போல. பின்வரிசையில் ஒரு பெண், "ஆத்தீ..." என்றாள்.

"உள்ள போன எண்ணெய் வெளிய வருது" என்றார் அவர், ஏணியிலிருந்தே. "வெடிப்பு. பாதிக்கு மேல போயிருக்கு. இத மாத்தாம ஓட்டக் கூடாது அண்ணாச்சி."

அத்தான் கையெடுத்துக் கும்பிட்டார். எதைக் கும்பிட்டார் என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்கவேண்டும். "கண்டிப்பா புரொபசரு. பாத்துக்கிருவோம். நல்ல நாள்ல நல்லபடியாக் காட்டிக் குடுத்தீக" என்றார். அவருக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் துண்டும் கொடுத்து அனுப்பினார்.

அந்த வாரமே குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தார்கள். போன வருஷம் கோயில் கொடைக்கு அத்தான் போகவில்லை. அந்தக் குத்தம்தான் திருநீற்றில் கறுப்பாக எழுந்தது என்று முடிவாகிவிட்டது. மில் வாசலில் பூசணிக்காய் உடைந்தது. பெயிண்டரை வரவழைத்து மெஷின், புல்லி, ஷாப்ட் எல்லாவற்றுக்கும் பளபளவென்று பச்சைப் பெயிண்ட். பெயிண்ட் காய்ந்ததும் அத்தான் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கொட்டகையில் அவரும் நானும் பெயிண்டரும்தான்.

அத்தானே ஏணியில் ஏறினார். ஆயுத பூஜையன்று விரிவுரையாளர் செய்தது மாதிரியே மண்ணெண்ணெய் தடவினார், துடைத்தார், திருநீறு தூவினார். காத்திருந்தோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"மாப்ளே, நீ காலேஜுல இருக்கிறவன். நல்லாப் பாத்துச் சொல்லு. கோடு இருக்கா?"

பெயிண்ட் வெடிப்பின் வாயை அடைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஆனால் அத்தான் வியர்த்து, நிம்மதி பொங்க, ஏணி மேலிருந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அவர் என்னிடம் ஓர் அபிப்பிராயம் கேட்டது அன்றுதான். கோடு இருக்கிறதா என்று மட்டும்தானே கேட்டார்.

"இல்ல அத்தான்" என்றேன்.

பெயிண்டர் பிரஷ்ஷைத் தட்டிவிட்டுப் பீடி பற்றவைக்க வெளியே போனார்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை ஒரு கேள்வியாகிவிட்டது. "மாத்திட்டாகளா சார்?" "சொல்லியிருக்கேன் சார்." கார்த்திகையில் கேட்டார், மார்கழியில் கேட்டார். பருத்தி வரத்து இல்லாத மாதங்கள், மில் அரைகுறையாகத்தான் ஓடியது. நான் அதையே ஒரு பதிலாக வைத்துக்கொண்டேன். தை பிறந்தது. மானாவாரிக் காடுகளில் பருத்தி வெடித்து, மூடை மூடையாக வரத் தொடங்கியது. மாசியில் அவர் என்னைக் கேட்பதை நிறுத்திவிட்டார். ஒரு சனிக்கிழமை என்னைக் கேட்காமலே மில்லுக்குப் போய் நின்றார். நான் அங்கே இருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேலே, பச்சை ஷாப்டைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது அதே ஷாப்டுதான?"

"அதேதான். ஆனா கோடு போயிருச்சு புரொபசரு. நீங்க பாத்த மாதிரியே போட்டுப் பாத்தாச்சு. சாமி கண்ணத் தொறந்துருச்சு."

"பெயிண்டுக்கு மேல பாத்தீகளா?" அவர் குரல் உடைந்தது. "அண்ணாச்சி, சாமிக்கும் இதுக்கும் சம்மந்தமில்ல. நான் சாக்பீஸ் போட்டிருக்கணும். என் தப்பு. அன்னைக்குச் சாக்பீஸ் போட்டிருந்தா நீங்க லேத்துக்காரனத்தான் கூப்பிட்டிருப்பீக."

அத்தானின் முகம் இறுகியது. "சீசன் நேரத்துல வந்து வாய வைக்காதீக. பஸ்ஸு விசயம் எங்களுக்கும் தெரியும்."

பெண்கள் கைவேலையை விடாமல் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். கருநாக்கு என்று ஒருத்தி சொன்னது என் காதிலும் விழுந்தது, அவர் காதிலும் விழுந்திருக்கும். அவர் வெளியேறவில்லை. நேரே போய் ஏழாவது மெஷினுக்குப் பக்கத்தில், புல்லிக்கு நேர் கீழே, தோள்பையோடு நின்றுகொண்டார்.

"நீங்க கொஞ்சம் அங்கிட்டு நில்லுங்க" என்றார் பேச்சியம்மாவிடம்.

"இதென்ன கூத்து! சாரு, எனக்குச் சம்பளம் இந்தப் பக்கம் நின்னாத்தான் குடுப்பாக." அவள் விளையாட்டாக அவர் தோளைப் பிடித்துத் தள்ளினாள். அவர் அசையவில்லை. அவள் சிரிப்பை நிறுத்தினாள். "நெசமாவே சொல்றீகளா?"

"நெசமா."

"அப்ப மொதலாளிகிட்டச் சொல்லுங்க. நான் நகந்தா நாளைக்கு இந்த எடத்துல வேற ஒருத்தி நிப்பா. அவளும் எங்க ஊருக்காரியாத்தான் இருப்பா."

ஒருமணி நேரம் நின்றார். ஷாப்ட் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு வாட்ச்மேனைக் கூப்பிட்டு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த வாரம் கல்லூரியில் அவருக்கு மெமோ கொடுத்தார்கள். தொழில் நடக்கும் இடங்களில் அத்துமீறி நுழைவதாகப் புகார்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு, ஏழாவது புல்லியை ஒட்டி ஷாப்ட் முறிந்தது.

விழுந்த புல்லிக்கு அடியில் பேச்சியம்மா பிழைத்தாள். வலது கை தோளுக்குக் கீழே இல்லை. விசாரணைக்கு வந்த அதிகாரி எழுதிக்கொண்டு போனதை அத்தான் என்னிடம் வாசித்துக் காட்டினார். வேலை செய்த பெண்ணின் கவனக்குறைவால் அவளுடைய சேலை பெல்ட்டில் மாட்டி இழுத்ததாகவும், அதனால் ஷாப்ட் திடீரென்று முறிந்ததாகவும் அதில் இருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்குக் காகிதக் கிளிப்புகள் ஞாபகம் வந்தன.

"அந்த ஒடஞ்ச துண்ட எடைக்குப் போட்டுரு மாப்ளே. கண்ணுல படக் கூடாது" என்றார் அத்தான்.

நான் போடவில்லை. சாக்கில் சுற்றி விரிவுரையாளரின் அறைக்குக் கொண்டுபோனேன். அது மட்டும்தான் நான் செய்தது. அவர் துண்டின் முறிந்த பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கண்மாயில் தண்ணீர் வற்ற வற்றக் கரையில் படியுமே கோடு கோடாக, அது மாதிரி, ஓர் ஓரத்திலிருந்து வளைவு வளைவாக வரிகள். கடைசியில் ஒரு சின்னப் பகுதி மட்டும் உப்புக்கல் மாதிரி சொரசொரவென்று.

"இந்தச் சொரசொரப்புதான் செவ்வாக்கிழமை ஒடஞ்சது" என்றார். "மத்ததெல்லாம் வருசக்கணக்கா ஒடஞ்சது." விரலை ஓரத்துக்குக் கொண்டுபோனார். "இதப் பாருங்க."

வெடிப்பின் வாயிலிருந்து நகக்கண் அளவுக்கு உள்ளே, மெல்லிய பச்சை இறங்கியிருந்தது. பெயிண்ட். சேலை மாட்டிய நாளில் பிறந்த வெடிப்புக்குள், ஐந்து மாதத்துக்கு முன் அடித்த பெயிண்ட் போயிருக்க முடியாது. யாரும் படித்துத் தெரிந்துகொள்ளவேண்டிய விஷயமில்லை அது. பார்த்தால் தெரியும்.

இருவருமாக மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்டில் பேச்சியம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். இல்லாத கையை ஊன்ற முயன்று சரிந்தாள். அவர் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொன்னப்ப எனக்குப் புரியல சாரு. கோட்டப் பாத்ததும் சாமிகுத்தம்னுதான் நெனச்சேன். எம் பங்குக்கு நானும் வெளக்குப் போட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என் சேல மாட்டல சாரு. முந்தானைய இடுப்புல சொருகித்தான் வச்சிருந்தேன், எப்பவும் மாதிரி. ஊருக்குள்ள எம் மேலதான் தப்புங்காக. எம் மகளே கேக்கா, ஏம்மா பாத்து நிக்கக் கூடாதான்னு." அவள் மூச்சு வாங்கினாள். "கை போனது போகட்டும். எம் மேல தப்பில்லன்னு ஒருத்தர் எழுதிக் குடுத்தாப் போதும்."

"எழுத வைக்கிறேன்" என்றார் அவர்.

என் பக்கமும் அவள் பார்த்தாள். நான் குளுக்கோஸ் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மனுப் போட்டார். விருதுநகரில் மறு விசாரணைக்கு நாள் குறித்தார்கள். கல்லூரி நிர்வாகம் கூப்பிட்டு, வாயை மூடிக்கொண்டிரு, இல்லையென்றால் போய்விடு என்றது. அவர் மேசையைக் காலி செய்தார். சோதனைக்கூடத்தில் அந்தக் கம்பி இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. சுவிட்சில் கைவைத்தவர், அணைக்காமல் திரும்பி வந்துவிட்டார். அது என்றைக்கு முறிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் புறப்பட்ட நாளில் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு நான் போனேன். மத்தியானம். விருதுநகர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. தோளில் துணிப்பை, கையில் அந்தச் சாக்கு மூட்டை. கனத்தில் அவருடைய ஒரு தோள் இறங்கியிருந்தது. மூட்டையை வாங்கக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. மறுநாள் விசாரணை முடிந்ததும் அப்படியே வடக்கே எங்கேயோ வேலை தேடிப் போவதாகச் சொன்னார். அப்பாவையும் பரளச்சியிலிருந்து அழைத்துக்கொள்ளப்போவதாகச் சொன்னார். அத்தனை பஸ் இரைச்சலிலும் அவர் என் பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"நேத்து அந்தப் பெயிண்டரப் பாத்தேன் சார்" என்றார். "பெயிண்ட் அடிச்ச பெறகு ஒருதரம் திருநீறு போட்டுப் பாத்தாகளாம். யாரோ ஒரு படிச்சவரு நின்னு பாத்து, கோடு இல்லன்னு சொன்னாராம். அத நம்பித்தான் அண்ணாச்சி ஓட்டியிருக்காரு. ஆளு யாருன்னு கேட்டதுக்கு அவன் சொல்லமாட்டேன்னுட்டான். அந்த ஒரு ஆளு வந்து உண்மையச் சொன்னாப் போதும், அந்தம்மா மேல இருக்கிற பழி போயிரும். நாளைக்குக் காலையில கூப்பிட்டுக் கேப்பாக. அது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் ஒரு குலுக்குக் குலுங்கி முன்னால் நகர்ந்தது. அவர் நகரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸ எடுத்துட்டான் சார்" என்றேன். "ஏறுங்க."